எக்காலத்திலும் பழம்: ஏற்றுமதித் தோட்டமா, கலப்பு மரங்களா, விளைந்ததைக் காப்பதா?

பருவத்தின் உச்சத்தில் ஒரு மாமரத்தடியில் நின்று பார்ப்பவருக்குப் பசி என்ற சொல்லே அங்கே பொருந்தாததாகத் தோன்றும். கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குக் காய்ப்பு இருக்கும். பொறுக்க ஆளில்லாமல் விழுந்து வெடித்த பழங்களில் ஈ மொய்க்கும். நான்கைந்து மாதம் கழித்து அதே மரத்தடிக்கு வந்தால் இலையைத் தவிர வேறொன்றும் இருக்காது. மழையை நம்பி வாழும் சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், சென்ற அறுவடையின் தானியம் தீர்ந்து அடுத்த அறுவடை வராத இடைக்காலம், மரம் இப்படி வெறுமையாக நிற்கும் மாதங்களிலேயே வந்துவிடுவதும் உண்டு. 1996இல் ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு, எல்லா மக்களுக்கும், எக்காலத்திலும், போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு கைக்கும் வருமானத்துக்கும் எட்டுவதாக இருப்பதே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. பழச் சாகுபடித் திட்டங்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் சொல் அந்த வரையறையில் உள்ள ‘எக்காலத்திலும்’ என்பதே.

வளரும் நாடுகளில் வெப்பமண்டலப் பழச் சாகுபடியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் ஒரு விவசாயிகள் கூட்டுறவாக இருக்கலாம், ஒரு மாவட்ட வேளாண் துறையாக இருக்கலாம், இரண்டு ஏக்கர் நிலமுள்ள ஒரு குடும்பமாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர் முன் வரும் வழிகள் ஏறத்தாழ நான்குதான். ஒரே பழத்தை ஏற்றுமதிக்காகப் பெரும்பரப்பில் பயிரிடுவது முதல் வழி. பல வகைப் பழமரங்களை உணவுப் பயிர்களோடு கலந்து வளர்ப்பது இரண்டாவது. அருகிலுள்ள நகரச் சந்தைக்காக விரைவில் காய்க்கும் பழங்களை விளைவிப்பது மூன்றாவது. புதிதாக எதையும் நடாமல், இப்போதே விளைந்து அழுகிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றுவது நான்காவது. இவற்றில் முதலாவதுக்கு நிதி எளிதில் கிடைக்கிறது, ஏனெனில் அதன் பயனைப் பணக்கணக்கில் காட்டிவிட முடியும். என் பார்வையில், பசியைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லும் எவரும் இரண்டாவதையும் நான்காவதையும் முன்னே வைத்து, ஏற்றுமதியை அவற்றின் மேல் கட்டப்படும் ஒரு கூடுதல் தளமாக மட்டுமே கருத வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழத்தால் எது முடியும், எது முடியாது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கொய்யாவும் பப்பாளியும் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பாது. அந்த வேலை தானியம், கிழங்கு, பருப்பு ஆகியவற்றுடையது. வாழையும் சீமைப்பலா எனப்படும் ஈரப்பலாவும் மட்டும் இதற்குப் பெரிய விதிவிலக்குகள். உகாண்டாவில் மடோக்கே எனப்படும் மலைநாட்டுச் சமையல் வாழை அன்றாடச் சோற்றின் இடத்தில் இருக்கிறது. ஈரப்பலா மரம் நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மாவுச்சத்து தருகிறது, ஆண்டுதோறும் உழுது விதைக்கும் வேலையும் அதற்கு இல்லை. மற்றப் பழங்களின் வேலை வேறு. வயிறு நிறைந்திருந்தும் உடலுக்கு வேண்டிய வைட்டமினும் தாதுவும் இல்லாத நிலையை மறைபசி என்கிறோம். அதைத் தீர்ப்பதில் பழத்துக்கு இணையானவை குறைவு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது, இது ஆரஞ்சில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பருப்பும் கீரையும் தரும் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அதே வைட்டமின் சி உதவுவதால், உணவோடு சேர்த்து உண்ணும் ஒரு கொய்யா மற்ற உணவின் மதிப்பையும் உயர்த்துகிறது. மாம்பழமும் பப்பாளியும் வைட்டமின் ஏ தருகின்றன, இதன் குறைபாடுதான் குழந்தைகளிடம் தடுக்கக்கூடிய பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ண வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு அறிக்கையின்படி, 2022இல் 280 கோடிக்கும் அதிகமான மக்களுக்குச் சத்தான உணவை வாங்கும் வசதி இருக்கவில்லை. சத்தான உணவின் செலவை உயர்த்தும் பொருள்களில் பழமும் காய்கறியும் அடங்கும். அரிசியும் மக்காச்சோளமும் மலிவாகவே கிடைக்கலாம், பழம் அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு பழத்திட்டத்தை எடைபோடும்போது எத்தனை டன் விளைந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், அந்தப் பழம் யாருடைய தட்டுக்குப் போனது, எந்த மாதத்தில் போனது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்து ஏற்றுமதித் தோட்டத்தைப் பார்ப்போம். அதற்குச் சார்பான வாதம் வலுவானது, அதை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. உணவு வாங்கப் பணம் இருப்பதும் உணவுப் பாதுகாப்பின் ஒரு தூண்தான். ஏற்றுமதிக்குப் பழம் விளையும் இடத்தில் சாலையும் மின்சாரமும் குளிர்சாதனக் கிடங்கும் வருகின்றன, பொதிகட்டும் கூடங்களில் பெண்களுக்கு வேலை கிடைக்கிறது. பெரு நாட்டின் பியூரா பகுதியில், ஆளுக்கு ஒரு ஹெக்டேர் அளவே நிலம் உள்ள சிறு விவசாயிகள் சங்கங்களாகச் சேர்ந்து இயற்கைமுறை வாழையை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். அது வறண்ட பகுதி என்பதால் இலைப்புள்ளி நோயின் தாக்கம் குறைவு, அதனாலேயே மருந்தடிக்காமல் விளைவிக்க முடிகிறது. நியாய வணிக (ஃபேர்டிரேட்) முறையில் விற்கும்போது 18.14 கிலோ பெட்டி ஒன்றுக்கு ஒரு டாலர் கூடுதல் தொகையாகச் சங்கத்துக்கு வருகிறது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே வாக்களித்து முடிவெடுக்கிறார்கள். ஏற்றுமதி இப்படி நடக்கும் இடத்தில் அதை எதிர்க்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அதே பியூராவில்தான், 2021இல், வாழையைத் தாக்கும் டிஆர்4 என்ற வாடல் நோய் பெரு நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஏற்றுமதிச் சாகுபடியின் அடிப்படை ஆபத்து முழுவதும் இந்த ஒரு நோயில் அடங்கியிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலக வாழை வணிகம் க்ரோ மிஷல் என்ற ஒரே இரகத்தை நம்பியிருந்தது. மண்ணில் வாழும் பியூசேரியம் பூஞ்சணம் கொண்டுவந்த பனாமா வாடல் நோய், மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அந்த இரகத்தை அழித்தது. நோயைத் தாங்கிய கேவண்டிஷ் இரகம் அதன் இடத்துக்கு வந்தது. இன்று உலகில் ஏற்றுமதியாகும் வாழை ஏறத்தாழ முழுவதும் கேவண்டிஷ்தான். விதையில்லாத அந்த வாழை பக்கக்கன்றிலிருந்தும் திசு வளர்ப்பிலிருந்தும் மட்டுமே பெருகுவதால், ஒவ்வொரு கன்றும் மற்றொன்றின் நகல். அதே பூஞ்சணத்தின் இன்னொரு வகையான டிஆர்4, கேவண்டிஷையும் தாக்குகிறது. ஆசியாவில் பரவி, 2013இல் மொசாம்பிக்கிலும், 2019இல் கொலம்பியாவிலும், பின்னர் பெருவிலும், 2023இல் வெனிசுவேலாவிலும் அது உறுதிசெய்யப்பட்டது. செருப்பில் ஒட்டிய மண்ணில் பயணம் செய்யக்கூடிய இந்தப் பூஞ்சணம் வந்துசேர்ந்த நிலத்தில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும், அதை ஒழிக்க இதுவரை மருந்து இல்லை. ஒரு ஹெக்டேர் நிலம் முழுவதும் ஒரே கேவண்டிஷை நட்டிருக்கும் குடும்பத்துக்கு இதன் பொருள், வருமானம் அனைத்தும் ஒரே நோயிடம் அடகு வைக்கப்பட்டிருக்கிறது என்பதே.

ஒரே பயிர் என்பது மருந்தையும் கூடவே அழைத்துவருகிறது. ஈரமான வெப்பமண்டலத்தில் கருப்பு இலைப்புள்ளி நோயைக் கட்டுப்படுத்த, சில ஏற்றுமதி வாழைத் தோட்டங்களில் ஆண்டுக்கு 40 முறைக்கும் மேல் பூஞ்சணக்கொல்லி தெளிக்கப்படுகிறது. கரீபியன் கடலிலுள்ள மார்டினிக், குவாடலூப் தீவுகளில் வாழைக் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை பயன்படுத்தப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி இன்றும் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. அங்குள்ள வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உடலில் அதன் எச்சம் உள்ளது. அந்தத் தீவுகளின் பல பகுதிகளில் தங்கள் நிலத்துக் கிழங்கையும் அருகிலிருக்கும் ஆற்று மீனையும் நம்பி உண்ண முடியாமல் போனது. உலகின் மிகப்பெரிய அன்னாசி ஏற்றுமதி நாடான கோஸ்டாரிகா, புரோமாசில் என்ற களைக்கொல்லி குடிநீரில் கலந்ததையடுத்து 2017இல் அதைத் தடைசெய்தது. சிக்கிரெஸ் பகுதியின் சில கிராமங்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக லாரியில் வரும் தண்ணீரை நம்பியிருந்தன. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் பைன், ஓக் மரக்காடுகளை வெட்டி முன்னேறியிருக்கின்றன, மழைநீரைப் பிடித்து மெல்ல ஊற்றுகளுக்கு விடுவதற்கு அந்தக் காடுகள்தான் இருந்தன. ஒரு பழம் அந்நியச் செலாவணியை ஈட்டித்தரும் அதே நேரத்தில் அங்கு வாழ்பவர்களின் குடிநீரையும் மண்ணையும் பறித்துக்கொண்டால், கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்துவிட்டு அதை வளர்ச்சி என்று எழுத என்னால் இயலவில்லை.

சந்தையின் கதவு யார் கையில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பழத்துக்குள் முட்டையிடும் ஆசியப் பழ ஈ 2003இல் கென்யாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு ஆப்பிரிக்காவெங்கும் பரவியது. ஒரே ஒரு புழு இருந்தாலும் இறக்குமதி செய்யும் நாடு முழுச் சரக்கையும் திருப்பிவிடும் என்பதால், கென்யா 2014இல் ஐரோப்பாவுக்கு மாம்பழம் அனுப்புவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. மீண்டும் தொடங்க ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டும் மரங்கள் காய்த்துக்கொண்டுதான் இருந்தன. உள்ளூர்ச் சந்தைக்கு ஏற்ற இரகமும், பதப்படுத்தும் வசதியும், பக்கத்து ஊருக்குச் செல்லும் நல்ல சாலையும் இல்லாத விவசாயிக்கு அப்போது இருந்த வழி, வந்த விலைக்குத் தரகரிடம் கொடுப்பது அல்லது மரத்தடியில் அழுக விடுவது.

இத்தனை விவாதத்துக்கும் இடையே ஒரு கணக்கு மறைந்துபோகிறது. உலகில் விளையும் வாழையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே எல்லை தாண்டுகிறது. மா, கொய்யா, மங்குஸ்தான் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றுமதியாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வெப்பமண்டலப் பழத்தில் மிகப்பெரும் பகுதி விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகிறது, அல்லது வீணாகிறது. ஆராய்ச்சியும் கடனும் இரகத் தேர்வும் அந்தச் சிறுபங்கையே பெரிதும் சுற்றிவருகின்றன.

இரண்டாவது வழியான கலப்பு மரச் சாகுபடிக்கு வருவோம். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் சாகா மக்கள் பல தலைமுறைகளாகப் பராமரித்துவரும் கிஹம்பா தோட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அவற்றை உலக வேளாண் மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. மேலே நிழல் தரும் உயர்ந்த மரங்கள், அதன் கீழே வாழை, வாழையின் கீழே காப்பி, தரையில் சேம்பும் அவரையும் என்று அது அடுக்கடுக்காக நிற்கும். வாழைத் தண்டும் இலையும் கொட்டிலில் கட்டிய மாட்டுக்குத் தீவனமாகின்றன, மாட்டின் சாணம் வாழைக்கே திரும்பிப் போகிறது. மலையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வருகிறது. காப்பி விலை சரிந்த ஆண்டிலும் வாழையும் சேம்பும் பாலும் இருப்பதால் அந்தக் குடும்பம் பட்டினி கிடப்பதில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்: பணப்பயிர் அங்கேயும் இருக்கிறது, ஆனால் அது உணவுக்குள்தான் நடப்பட்டிருக்கிறது.

பழைய மரபைப் போற்றுவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. நைரோபியைத் தலைமையகமாகக் கொண்ட உலக வேளாண்காடு ஆய்வு மையம், கென்யாவில் ஒரு எளிய முறையை வகுத்தது. ஒரு பகுதியில் வளரக்கூடிய பழமரங்கள் எவை, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் காய்க்கும், எதில் வைட்டமின் ஏ அதிகம், எதில் சி அதிகம் என்று ஒரே அட்டவணையில் எழுதி, அந்தப் பகுதிக் குடும்பங்கள் எந்த மாதங்களில் உணவில்லாமல் தவிக்கின்றன என்பதை அதன் பக்கத்தில் வைத்து, ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஏதேனும் ஒரு மரமாவது பழம் தருமாறு இனங்களைத் தேர்ந்தெடுப்பது அந்த முறை. மாவும் பப்பாளியும் கொய்யாவும் மட்டுமல்லாமல், யாரும் பெரிதாகக் கவனிக்காத உள்நாட்டுக் காட்டுப்பழ மரங்களும் அதில் இடம்பெறுகின்றன, ஏனெனில் அவற்றுள் சில மற்றவை காய்க்காத காலத்தில் காய்க்கின்றன. மாநாட்டு வரையறையின் ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லுக்கு நிலத்தில் ஒரு வடிவம் கொடுப்பது என்றால் அது இதுதான்.

எந்த இரகத்தை நடுகிறோம் என்பதும் இந்த வழியில் முக்கியம். பசிபிக் பெருங்கடலிலுள்ள மைக்ரோனேசியாவின் போன்பே தீவில் பாலர் பருவக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் ஏ குறைபாடு இருந்த காலத்தில், அங்கு மறக்கப்பட்டுக்கொண்டிருந்த காரத் என்ற உள்ளூர் வாழையை ஆய்வு செய்தார்கள். உள்ளே ஆழ்ந்த மஞ்சள் நிறமுள்ள அந்த வாழையில், உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின், கேவண்டிஷில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது. இறக்குமதி அரிசியும் தகரடப்பா உணவும் பழகிப்போன தீவில், தீர்வு கொல்லையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. 2005இல் அதை மாநில வாழையாக அறிவித்தார்கள்.

கலப்புச் சாகுபடிக்குக் குறைகள் இல்லை என்று சொல்ல முடியாது. கையில் பணம் குறைவாகவும் மெதுவாகவும் வரும். பத்து வகை மரத்தில் வகைக்கு இரண்டு கூடை விளைந்தால் எந்த மொத்த வியாபாரியும் வந்து வாங்க மாட்டார். நல்ல ஒட்டுக்கன்று தரும் நாற்றங்கால்கள் குறைவு. விதையிலிருந்து வளர்த்த மாமரம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பிறகு தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்ற உறுதியும் இல்லாமல் நிற்கும். நோயும் வராமல் போகாது. 2001இல் உகாண்டாவில் பரவிய பாக்டீரியா வாடல் நோய், ஏற்றுமதி வாழையைத் தேடிப் போகவில்லை. குடும்பங்கள் அன்றாடம் சமைத்து உண்ணும் வாழையையே தாக்கியது. ஆனால் அதற்குக் கிடைத்த தீர்வு கவனிக்கத் தக்கது. நோயைச் சுமந்துவரும் பூச்சிகள் வாழைப்பூவின் வழியாகவே உள்ளே நுழைகின்றன. குலையின் கடைசிச் சீப்பு வெளிவந்ததும், கவட்டை போன்ற நீண்ட குச்சியின் பிளவில் பூவின் காம்பை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினால் பூ ஒடிந்து விழும். கத்தி வேண்டாம், ஏனெனில் நோயுள்ள மரத்தில் பட்ட கத்திதான் அடுத்த மரத்துக்கும் நோயைக் கொண்டுபோகிறது. கத்தியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் தீயில் காட்ட வேண்டும். மருந்துக்குச் செலவழிக்க முடியாத ஒரு குடும்பம், ஒரு குச்சியைக் கொண்டு தன் உணவைக் காத்துக்கொள்ள முடியும் என்பதை இந்த முறை காட்டியது.

இதைவிடக் கடினமான தடை நில உரிமை. ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் ஒரு நிலத்தில் மரம் நடுவது அந்த நிலம் எனக்குரியது என்று அறிவிப்பதற்குச் சமம். அதனால் குத்தகைதாரரும், கணவர் வீட்டு நிலத்தில் உழைக்கும் பெண்ணும் அவரையும் சேம்பும் நடலாம், மாங்கன்று நடக் கூடாது. குழந்தைகளுக்கு எதை ஊட்டுவது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பெண்தான். கன்றுகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு இந்த உரிமையைப் பேசாமல் விடும் திட்டங்கள் மூன்றாம் ஆண்டில் காய்ந்த குச்சிகளோடு முடிவது வியப்பில்லை. மரம் நட உரிமையில்லாதவர்களுக்குக் குறைந்தபட்சம் பப்பாளி, அன்னாசி, பேஷன் ஃப்ரூட் போன்ற குறுகிய காலப் பழங்களையாவது தர வேண்டும். அவை மரம் என்ற கணக்கில் வருவதில்லை.

நகரச் சந்தைக்கான சாகுபடி என்ற மூன்றாவது வழியின் பலமும் இந்தக் குறுகிய காலப் பழங்கள்தான். பப்பாளி ஓராண்டுக்குள்ளேயே பழம் தரும், வாழை ஓராண்டு அல்லது சற்றுக் கூடுதல், அன்னாசி ஒன்றரை ஆண்டு. நகரங்கள் வளர்ந்துகொண்டே போவதால் தேவைக்குக் குறைவில்லை, வெளிநாட்டுத் தர அளவுகோலும் இல்லை. ஊரிலுள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே பழத்தை நட்டால் விலை விழும் என்பதும், பப்பாளியை வளையப்புள்ளி வைரஸ் இரண்டு பருவத்தில் துடைத்துவிடக்கூடும் என்பதும் இதன் பலவீனங்கள். நகரத்துக்கு அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய இடமாக இருந்தால் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், அதைவிடத் தொலைவென்றால் வேண்டாம் என்பேன்.

நான்காவது வழி யாருக்கும் திறப்பு விழா நடத்தும் மகிழ்ச்சியைத் தருவதில்லை, அதனாலேயே அது புறக்கணிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். உணவு வேளாண் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடைக்குப் பின் சில்லறைக் கடையை எட்டுவதற்கு முன்பே உலக உணவில் சுமார் 14 விழுக்காடு இழக்கப்படுகிறது. பழமும் காய்கறியும் தானியத்தைவிட அதிகமாகவே இழக்கப்படுகின்றன. இந்த இழப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு மூட்டை மாம்பழத்தில் பார்க்கலாம். மரத்திலிருந்து கம்பால் அடித்து விழுத்திய பழத்தில் காம்பு அடியோடு பிய்ந்துவிடுகிறது. அந்த வாயிலிருந்து பீறிடும் பால் தோலில் வழிந்து கறுத்த தழும்பாகிறது, தழும்பின் வழியே பூஞ்சணம் நுழைகிறது. பழங்களைச் சாக்கில் நிரப்பி, சாக்கின் மேல் சாக்கை ஏற்றி, மேலே ஆளும் உட்கார்ந்து பயணம் செய்தால், அடிமூட்டையிலுள்ள பழம் நகரத்தைச் சேரும்போது கூழாகியிருக்கும். காம்பைச் சற்று நீளமாக விட்டு வெட்டி, பிறகு காம்பை நீக்கிப் பழத்தைத் தலைகீழாக வைத்துப் பால் வடிய விட்டு, அடுக்கும்போது கீழே உள்ள பழத்தின் மேல் எடை விழாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அனுப்பினால், புதிதாக ஒரு மரமும் நடாமல் உண்ணத்தக்க பழம் கூடுகிறது. நிலமும் நீரும் உரமும் உழைப்பும் ஏற்கெனவே செலவாகிவிட்ட பழம் அது.

பழ ஈக்கும் இப்படி ஒரு கைவழி இருக்கிறது. நைரோபியிலுள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையமான இசிபே, இனக்கவர்ச்சிப் பொறி, புரதத் தூண்டில், ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றைத் தோட்டத் தூய்மையோடு சேர்த்துப் பரப்பியது. அவற்றுள் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு கூடாரம். விழுந்து புழுத்த பழங்களையெல்லாம் பொறுக்கி அதற்குள் போட்டு மூடுகிறார்கள். கூடாரத்தின் உச்சியில் வலை. அந்த வலையின் கண்கள் பழ ஈ வெளியேற முடியாத அளவுக்குச் சிறியவை, ஆனால் ஈயின் புழுவைத் தின்று வளர்ந்த குளவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. பகை உள்ளேயே மடிகிறது, நட்பு தோட்டத்துக்குத் திரும்புகிறது, அழுகிய பழம் உரமாகிறது.

குளிரூட்டலில் எச்சரிக்கை தேவை. வாழையை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துப் பழுக்காமல் கெடும், மாவும் கடுங்குளிரைத் தாங்காது. ஆகையால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர்கிடங்கு என்ற திட்டம் வீண்செலவில் முடியலாம். 1980களில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான மின்சாரமில்லாக் குளிரறையில், இரண்டு செங்கற்சுவர்களுக்கு நடுவே ஈரமணலை நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள். வறண்ட பகுதிகளில் வெளியைவிட உள்ளே 10 டிகிரிக்கும் மேல் வெப்பம் குறைகிறது. ஈரமான கடற்கரைப் பகுதிகளில் அது அவ்வளவு உதவாது. புர்கினா பாசோவில் மாம்பழத்தைக் கீற்றாக்கி உலர்த்தும் தொழில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பருவகால வேலை தருகிறது. உலர்ந்த பழம் விரைவில் கெடாது, எடை குறைவு, பழ ஈயால் சரக்கு திரும்பும் அச்சமும் இல்லை. ஆயினும் உலர்த்தும்போது வைட்டமின் சி பெரிதும் போய்விடும், அந்தப் பழம் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கே போகிறது. அது வருமானத்துக்கான வழி, ஊட்டத்துக்கான வழியாக அதை எண்ணிக்கொள்ளக் கூடாது.

இனித் தேர்வு. ஊரில் ஏற்கெனவே காய்க்கும் மரங்கள் நிறைய இருந்து பருவத்தில் பழம் வீணாகிறது என்றால், முதல் செலவு பெட்டிக்கும் அறுவடைப் பயிற்சிக்கும் பழ ஈக் கட்டுப்பாட்டுக்கும் போக வேண்டும். இதன் பயன் அடுத்த பருவத்திலேயே தெரிந்துவிடும். மரங்கள் குறைவு, நிலம் சொந்தம், ஆனால் ஆண்டில் சில மாதங்கள் உணவுக்குத் தட்டுப்பாடு வருகிறது என்றால் கலப்பு மரங்களே முதல் தேர்வு. வரிசையும் முக்கியம்: முதல் ஆண்டில் பப்பாளியும் வாழையும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் கொய்யா, நான்காம் ஆண்டிலிருந்து ஒட்டு மாவும் வெண்ணெய்ப்பழமும், அதன்பின் பலாவும் ஈரப்பலாவும் என்று ஒன்றின் காய்ப்பு முடியும் இடத்தில் மற்றொன்றின் காய்ப்பு தொடங்குமாறு நட வேண்டும். மரத்துக்கு இடையே உள்ள வெயில் படும் இடத்தில் முதல் சில ஆண்டுகள் பருப்பும் கிழங்கும் தொடர்ந்து விளையும்.

ஏற்றுமதியை நான் ஏற்றுக்கொள்ள மூன்று நிபந்தனைகள் உண்டு. விவசாயிகள் சங்கமாக இருந்து விலையைத் தாங்களே பேச வேண்டும். கோடையில் குடிநீர்க் கிணறு வற்றாது என்பது நட்டபின் அல்ல, நடுவதற்கு முன் அளந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு பழத்துக்குப் போகக் கூடாது. இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது என் சொந்தக் கணிப்பு. அந்தப் பயிர் முழுவதும் ஒரு பருவத்தில் அழிந்தாலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற அளவுகோலை வைத்து, இடத்துக்கு ஏற்ப அதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் கன்று வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மண்தரையில் பன்னிரண்டு கட்டங்கள் கீறி, ஊர்ப் பெண்களை அழைத்து, தானியம் தீரும் மாதங்களில் ஒரு கல்லும் இப்போதுள்ள மரங்கள் காய்க்கும் மாதங்களில் ஒரு விதையும் வைக்கச் சொல்ல வேண்டும். கல் இருந்து விதையில்லாத கட்டங்கள் எவை என்று ஒரு மணி நேரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அந்தக் கட்டங்களுக்கு உரிய இனங்களின் பெயரை அன்றே நாற்றங்காலுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் வேர்ச்செடி வளர்ந்து, ஒட்டுக்கட்டி, வெயிலில் பழகி, நடும் பக்குவத்துக்கு ஒரு கன்று வர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.